பார்சல் வண்டி ஓட்டறவங்களுக்கான ரோட்டோர சேஃப்டி சாமான்: ஜாக்கெட், முக்கோணம், லைட்டு, கால் பட்டை, எதுக்கு காசு போடலாம்?

முதல்லயே மார்க் சொல்லிடறேன், முழுசா படிக்க பொறுமை இல்லாதவங்க இதோட கெளம்பிடலாம். கால்ல கட்டற ரிஃப்ளெக்டர் பட்டைக்கு அஞ்சுக்கு அஞ்சு. வண்டி நின்னுட்டா பின்னாடி ரோட்ல வைக்கற, கனமான கால் வச்ச முக்கோணத்துக்கு நாலரை. டயருக்கு வைக்கற ரப்பர் கட்டைக்கு நாலு. காந்தம் வச்ச ஆம்பர், அதாவது ஆரஞ்சு மஞ்சள் லைட்டுக்கு மூணு. ஜாக்கெட்டுக்கு மூணு, அதுவும் நல்ல ஜாக்கெட்டா இருந்தா தான், கம்பெனில குடுக்கற ஜாக்கெட்டுக்கு ஒண்ணு போடவே கை வரல.

நான் ஓட்டறது குட்டி யானைன்னு சொல்ற சின்ன லோடு வண்டி, பின்னாடி மூடின கன்டெய்னர் பாடி. புழல் பக்கம் ஒரு குடோன்ல லோடு ஏத்திக்கிட்டு அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடின்னு சிடிஎச் ரோட்ட, அதாவது சென்னை திருவள்ளூர் ஹைரோட்ட ஒட்டி சுத்துவேன், லோடு ஜாஸ்தியா இருந்தா பைபாஸ் புடிச்சு போரூர் வரைக்கும் கூட விடுவாங்க. எங்க வேலைல ஒரு விஷயம் வெளிய இருக்கறவங்களுக்கு புரியறதே இல்ல. ஆக்சிடென்ட்னாலே எல்லாரும் வேகம், ஓவர்டேக், குடின்னு தான் பேசுவாங்க, ஆனா பார்சல் வண்டிக்காரன் நாள் பூரா நிக்கறான்ங்க. நிறுத்து, எறங்கு, பின்னாடி போ, கதவ தொற, குனிஞ்சு பாக்ஸ தேடு, ஸ்கேன் பண்ணு, குடுத்துட்டு வா, கதவ சாத்து, ஏறு. இது நூறு வாட்டி. இதுல நம்ம முதுகு ரோட்டப் பாத்து இருக்கற நேரம் எவ்ளோன்னு யோசிச்சுப் பாருங்க. நெட்ல இருக்கற சேஃப்டி சாமான் ரிவ்யூ எல்லாம் ஈசிஆர்ல காலைல பைக் ஓட்டிட்டு டிஃபன் சாப்புடப் போறவங்க எழுதறது. நல்லா தான் எழுதறாங்க, ஆனா அவங்க யாரும் ரோட்டோரத்துல முப்பது கிலோ மாவு மெஷின தோள்ல வச்சுக்கிட்டு நிக்கறது இல்ல.

மத்திய அரசு வெளியிட்ட 2022 கணக்குப்படி விபத்து எண்ணிக்கைல தமிழ்நாடு தான் நாட்டுலயே முதல் எடம், 64,105 விபத்து, செத்தவங்க 17,884 பேர். அந்த ரிப்போர்ட்ல விபத்து எப்படி நடந்துச்சுன்னு பிரிச்சு போடுவாங்க, அதுல பின்னாடி வந்து இடிச்சதுன்னு ஒரு வகை, நின்னுட்டு இருந்த வண்டில மோதினதுன்னு தனியா இன்னொரு வகை. எங்க பொழப்பு அந்த ரெண்டு வரிக்கும் நடுவுல தான் ஓடுது.

சரி, சாமானுக்கு வரேன். எல்லாத்தையும் ஒரே மாதிரி தான் டெஸ்ட் பண்ணேன். ராத்திரி குடோன் பின்னாடி இருக்கற வெளிச்சம் இல்லாத ரோட்ல கூட ஓட்டற ஒரு அண்ணன தூரத்துல வண்டிய நிறுத்தி லோ பீம் போட்டு மெதுவா வரச் சொன்னேன், நான் என் வண்டிக்குப் பின்னாடி பார்சல் எடுக்கற மாதிரி நிப்பேன், அவருக்கு எப்ப "மனுஷன் நிக்கறான்"னு தெரியுதோ அப்ப ஒரு ஹாரன் அடிக்கணும். ஏதோ மின்னுதுன்னு தெரிஞ்சா பத்தாது, ஆளுன்னு தெரியணும். இந்த வித்தியாசம் முக்கியம், ஏன்னு கீழ சொல்றேன்.

ஜாக்கெட்டுல ஆரம்பிப்போம். கம்பெனி குடுத்தது கருநீலம், முதுகுல பெருசா கம்பெனி பேரு, நெஞ்சுல விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளிக் கோடு. அவ்ளோ தான். கேட்டா "யூனிஃபார்ம் போட்டா கஸ்டமருக்கு நம்பிக்கை வரும்"னாங்க. கஸ்டமருக்கு வரும், பின்னாடி வர்ற தண்ணி லாரிக்காரருக்கு என்ன வரும்? ரெண்டாவது, சிக்னல்ல தொங்கவிட்டு விக்கறாங்களே எண்பது ரூபா பச்சை வலை ஜாக்கெட்டு, அது. மூணாவது பாரிமுனைல, அதான் நம்ம சென்னை பாரிஸ்ல, லிங்கிச் செட்டி தெருவுல சேஃப்டி சாமான் விக்கற கடைல வாங்கினது, நானூத்தி இருபது ரூபா, உள்பக்கம் லேபிள்ல ஐஎஸ்ஓ 20471 கிளாஸ் 2ன்னு போட்டிருந்துச்சு, பளிச்னு தெரியற ஜாக்கெட்டுக்கான உலகத் தர நம்பர் அது.

இந்த லேபிள் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா கடைக்காரங்க பாதி பேருக்கே தெரியல. ஜாக்கெட்டுல ரெண்டு வேற வேற வேலை நடக்குது. அந்த பச்சை மஞ்சள், ஆரஞ்சு கலர் துணி இருக்கு பாருங்க, அது பகல்லயும் பொழுது சாயற நேரத்துலயும் தான் வேலை செய்யும், சூரிய வெளிச்சத்துல இருக்கற புற ஊதாக் கதிர வாங்கி அதை நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சமா மாத்திக் குடுக்குது, அதனால தான் சாயங்காலம் அஞ்சரை மணிக்கு அது மட்டும் எரியற மாதிரி தெரியும். ராத்திரி ஆயிட்டா அந்தக் கலரால பிரயோஜனம் கம்மி. ராத்திரிக்கு வெள்ளி பட்டை. அதுக்குள்ள பொடிப் பொடியா கண்ணாடி மணி, இல்லன்னா குட்டிக் குட்டி பிரிசம் இருக்கும், ஹெட்லைட்டு வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சோ அந்தப் பக்கத்துக்கே திருப்பி அனுப்பும். அப்ப பின்னாடி வர்றவன் லைட்டு போட்டிருந்தா தான் அதுவும் மின்னும். 2017 ஏப்ரல்ல இருந்து வர்ற டூ வீலர்ல ஹெட்லைட்ட அணைக்கவே முடியாதபடி தான் வருது, அது நமக்கு நல்லது தான், ஆனா பழைய வண்டி, லைட்டு இல்லாத டிராக்டர், சைக்கிள் முன்னாடி எல்லாம் இந்தப் பட்டை சும்மா சாம்பல் கலர் துணி.

கிளாஸ் 2ன்னா கலர் துணி அரை சதுர மீட்டரும் வெள்ளி பட்டை 0.13 சதுர மீட்டரும் கொறையாம இருக்கணும், பட்டை அகலம் 50 மில்லிமீட்டர், அதாவது ரெண்டு இஞ்சு. கடைல டேப் வச்சு அளந்து பாருங்க, யாரும் திட்ட மாட்டாங்க. எண்பது ரூபா ஜாக்கெட்டுல பட்டை அகலமா தான் இருந்துச்சு, ஆனா அது வெறும் சில்வர் பூச்சு மாதிரி, திருப்பி அடிக்கவே இல்ல. செல்போன் டார்ச்ச கண்ணுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு பத்து அடி தள்ளி அடிச்சுப் பாத்தாலே ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு தெரிஞ்சிடும், ஒரிஜினல்னா பளீர்னு வெள்ளையா திரும்பி வரும். ரெண்டு மூணு தடவ தொவச்சதும் அந்த எண்பது ரூபாயில பூச்சு உரிஞ்சு வந்துடுச்சு. நல்ல ஜாக்கெட்டு லேபிள்ல எத்தன தடவ தொவைக்கலாம்னு நம்பரே போட்டிருப்பாங்க, அதுக்கு மேல போனா பட்டை மங்கிடும், அயர்ன் பண்ணவே கூடாது, எங்க வீட்ல ஆசையா அயர்ன் பண்ண எடுத்தாங்க, ஓடிப் போய் புடுங்கினேன்.

அவ்ளோ நல்ல ஜாக்கெட்டுக்கு ஏன் மூணு தான்னு கேப்பீங்க. குனியறோமே, அதான். பின்கதவு கிட்ட பாதி உடம்ப உள்ள விட்டு பாக்ஸ் தேடும்போது முதுகு வானத்தப் பாக்குது, பட்டை எல்லாம் படுத்துடுது, பின்னாடி வர்றவனுக்கு தெரியறது நம்ம பேன்ட்டு தான். பார்சல தூக்கிட்டு நிமிந்தா நெஞ்சுப் பக்கப் பட்டைய பாக்ஸு மறைச்சிடுது. பைக்ல போற பசங்களுக்கு இன்னும் மோசம், முதுகுல அலமாரி மாதிரி பை, ஜாக்கெட்டு எங்க தெரியப் போகுது. என் தம்பி பைக்ல மளிகை டெலிவரி பண்றான், அவனுக்கு நான் பண்ணது ஜாக்கெட்டு வாங்கித் தந்தது இல்ல, அந்தப் பை பின்னாடியும் ரெண்டு பக்கமும் நல்ல சிவப்பு வெள்ளி டேப்ப மீட்டர் கணக்குல வாங்கி ஒட்டி ஓரத்த தைச்சுக் குடுத்தது. வெறும் பசை மட்டும்னா வெயில்ல உரிஞ்சிடுது, தையக் கடைல குடுத்து ஒரு தையல் போடுங்க.

ஆனாலும் நடந்து போகும்போது, ரோடு கிராஸ் பண்ணும்போது, மழைல, ஜாக்கெட்டு வேணும். மழைன்னதும் ஞாபகம் வருது, ஒரு சைஸ் பெருசா வாங்குங்க. ஐப்பசி கார்த்திகைல ரெயின்கோட்டுக்கு மேல போடற மாதிரி இருக்கணும். நம்மூர்ல ரெயின்கோட்டு எல்லாம் கருப்பு, நீலம், சாம்பல், மழை பெய்யறப்ப மேல இருக்கறதும் கீழ இருக்கற ரோடும் அதே கலரு, எவன் இந்தக் கலர கண்டுபுடிச்சான்னு தெரியல. சித்திரை வெயிலுக்கு வலைத்துணி ஜாக்கெட்டு சொகமா இருக்கும், ஆனா ஓட்டை ஓட்டையா இருக்கறதால கலர் கொஞ்சம் மங்கலா தான் தெரியும். எனக்கு வலை தான் சரிப்பட்டுச்சு, ஏன்னா கெட்டித் துணி ஜாக்கெட்ட பதினொரு மணிக்கு மேல கழட்டி சீட்டு மேல போட்டுடுவோம், சீட்டுக்கு எதுக்கு ஜாக்கெட்டு.

இப்ப அஞ்சுக்கு அஞ்சு வாங்கின கால் பட்டை. சைக்கிள் ஓட்டறவங்க பேன்ட்டு செயின்ல மாட்டாம இருக்க கணுக்கால்ல கட்டுவாங்களே அதே சாமான், வெல்க்ரோ வச்சது, ஜோடி நூத்தி இருபது ரூபா. பாரிஸ் கடைல பில் போடும்போது "இதையும் எடுத்துக்கோங்கண்ணே"ன்னு கடைக்காரர் தம்பி தள்ளிவிட்டது தான், நான் கேக்கவே இல்ல. டெஸ்ட்ல அண்ணன் ஹாரன் அடிச்சது இதுக்கு தான் முதல்ல, அதுவும் ஜாக்கெட்டு மட்டும் போட்டப்ப அடிச்ச எடத்துக்கு ரொம்ப முன்னாடியே. ரெண்டு கால்லயும் கட்டிக்கிட்டு வண்டிக்குப் பின்னாடி சும்மா ரெண்டு எட்டு நடந்தேன், அவ்ளோ தான்.

எறங்கி வந்து அவர் சொன்னது: "டேய், ஜாக்கெட்டு மட்டும் போட்டப்ப ஏதோ போர்டு, இல்ல பேரிகேடுன்னு நெனச்சேன், இதுல கால் நடக்கறது தெரியுது, அப்ப ஆளு தானே." இதுல உண்மை இருக்கு. மனுஷன் நடக்கற அசைவ நம்ம கண்ணு ரொம்ப சீக்கிரம் கண்டுபுடிச்சிடும், கணுக்கால், முழங்கால், மணிக்கட்டுன்னு அசையற மூட்டுல மட்டும் மின்னற புள்ளி இருந்தாலே போதும், மூளை அதைச் சேத்து "ஆளு"ன்னு சொல்லிடும், இத வச்சு ஆராய்ச்சி எல்லாம் பண்ணி வெளிநாட்டுல ரோடு வேலை பாக்கறவங்க பேன்ட்டுலயே பட்டை தைக்கறாங்க. இன்னொரு காரணம், லோ பீம் வெளிச்சம் விழறதே கீழ தான், தூரத்துல இருந்து வரும்போது நம்ம நெஞ்சுக்கு முன்னாடி நம்ம கால தான் அது தொடும். குனிஞ்சாலும் கால் கால் தான், பார்சல் மறைக்காது, பை மறைக்காது.

கொறையும் சொல்லணும்ல. வெல்க்ரோல நூலு, தூசி, அட்டைப்பெட்டி நாறு எல்லாம் சிக்கி பிடிப்பு போயிடும், பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சா சரியாகும். ஷார்ட்ஸ் போட்டு கட்டினா வேர்வைல அரிக்குது. ஓரத்துல சேறு பட்டா பட்டை வேலை செய்யாது, மழை நாள்ல அப்பப்ப துடைக்கணும். கம்பெனில பசங்க கொலுசுன்னு கிண்டல் பண்ணாங்க, இப்ப அவங்கள்ல நாலு பேரு கால்லயும் கொலுசு இருக்கு.

முக்கோணம். புது வண்டியோட டூல் பைல பொதுவா ஒண்ணு வரும், நெறைய பேரு பிரிச்சே பாத்திருக்க மாட்டாங்க. நம்மூர்ல வண்டி நின்னா என்ன பண்றோம், ரெண்டு கல்லு, வேப்பங்கிளை ஒண்ணு ஒடிச்சு பின்னாடி சொருகறது. கிளை பகல்ல பரவால்ல. கல்லு இருக்கே, அது தான் கொடுமை, வண்டி ரெடி ஆனதும் கெளம்பிடுவாங்க, கல்லு அங்கயே கெடக்கும், ராத்திரி பைக்ல வர்றவன் அதுல ஏறி விழுவான். பைபாஸ்ல இந்தக் கல்லப் பாக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

ரெண்டு முக்கோணம் வாங்கிப் பாத்தேன். ஒண்ணு ஆன்லைன்ல நூத்தி எண்பது ரூபா, பூரா பிளாஸ்டிக், மடிச்சா மூக்குக்கண்ணாடிப் பெட்டி சைஸ்ல அழகா இருக்கு, பிரிச்சு ரோட்ல வச்சேன், ஒரு பஸ்ஸு தாண்டிப் போச்சு, முக்கோணம் குப்புற விழுந்துடுச்சு. அடுத்த லாரிக்கு சக்கரத்துக்கே போயிருக்கும். இது சுத்த வேஸ்ட்டு. இன்னொண்ணு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல வாங்கினது, ஐநூத்தி முப்பது, நாலு கால் இரும்பு, கைல புடிச்சாலே கனம் தெரியும், டப்பா மேலயும் சட்டத்துலயும் ஏஐஎஸ் 022ன்னு அச்சு இருக்கு, நம்ம நாட்டுல முக்கோணத்துக்கு அந்த நம்பர் தான். வெளிநாட்டு சரக்குன்னா ஈசிஈ ஆர் 27ன்னு இருக்கும், அதுவும் சரி தான். உள்பக்கம் ஆரஞ்சு சிவப்பு, வெளிப்பக்கம் மின்னற சிவப்பு, ரெண்டும் இருக்கணும், பகலுக்கும் ராத்திரிக்கும். சிடிஎச் ரோட்ல கன்டெய்னர் லாரி உரசிப் போன காத்துலயும் இது நின்னுச்சு.

அத எங்க வைக்கறதுன்றது தான் நெறைய பேரு சொதப்பற எடம். வண்டிக்குப் பின்னாடி பத்தடில வச்சுட்டு பெருமையா நிப்பாங்க. மணிக்கு 60 கிலோமீட்டர்ல வர்றவன் ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் வர்றான், 80ல வர்றவன் 22 மீட்டர். அவன் பாக்கணும், புரிஞ்சுக்கணும், அப்புறம் பிரேக்கு. பத்தடின்னா அவன் முக்கோணத்தையும் இடிச்சு உங்களையும் இடிப்பான். நான் ஊருக்குள்ள ரோடுன்னா ஒரு 50 மீட்டர், பைபாஸ்னா 100 மீட்டருக்குக் கொறையாம வைக்கறேன். மீட்டர் எப்படி அளக்கறது? நம்ம நடைல ஒரு எட்டு முக்கா மீட்டர்னு வச்சுக்கிட்டா 50 மீட்டருக்கு எழுபது எட்டு, 100க்கு நூத்தி நாப்பது. நடந்து போகும்போது முக்கோணத்த பிரிச்சு நெஞ்சுக்கு முன்னாடி வர்ற வண்டிக்குக் காட்டிக்கிட்டே போங்க, வச்சுட்டு திரும்பி வரும்போது முதுகு டிராஃபிக்குப் பக்கம் வரும்ல, அப்ப ரோட்ட விட்டு எறங்கி மண்ணு மேல, இல்லன்னா தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கமா வாங்க. வளைவா இருந்தா வளைவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, மேம்பாலமா இருந்தா ஏத்தம் ஏறற பக்கத்துலயே வைக்கணும், உச்சிக்கு அந்தப் பக்கம் வச்சா எவனுக்கும் தெரியாது. அரை மார்க் கொறச்சது எதுக்குன்னா, தெருத்தெருவா நின்னு நின்னு போற டெலிவரிக்கு இத ஒவ்வொரு தடவையும் வைக்க முடியாது. பிரேக்டவுன், பஞ்சர் மாதிரி நேரத்துக்குத் தான்.

பஞ்சர்னதும் ஒண்ணு. நேஷனல் ஹைவேல வலது பக்கப் பின் டயர் போச்சுன்னா, வண்டிய ரோட்டு ஓரத்துலயே நிறுத்தி ஜாக்கி போட்டு உக்காராதீங்க. மெதுவா ஊர்ந்து அகலமான எடத்துக்கு, சர்வீஸ் ரோட்டுக்கு, பங்க்குக்குப் போங்க, டயர் கிழிஞ்சா கிழியட்டும். எடமே இல்லன்னா 1033க்கு அடிங்க, ஹைவே ஹெல்ப்லைன் அது. வண்டிய ஆபத்தான எடத்துல விட்டா மோட்டார் வாகன சட்டம் 122ல கேஸும் போடலாம், அது வேற.

ஆம்பர் லைட்டுக்கு வரேன். வட்டமா, அடில காந்தம், யூஎஸ்பி சார்ஜ், எழுநூத்தி ஐம்பது ரூபா. வெளிச்சம் பிரமாதம், பகல்லயே தெரியுது. பிரச்சன என்னன்னா காந்தம் இரும்புல தான ஒட்டும். கேபின் கூரைல கச்சுனு புடிக்குது, ஆனா எங்க கன்டெய்னர் பாடி ஷீட்டு அலுமினியம், பின்னாடி எங்க வச்சாலும் வழுக்கி விழுது. கேபின் மேல வச்சா கன்டெய்னர் உயரம் மறைச்சு பின்னாடி வர்றவனுக்குத் தெரியவே தெரியாது, எதிர்ல வர்றவனுக்குத் தான் திருவிழா. கடைசில பின்கதவு இரும்பு ஃபிரேம்ல ஒட்டறேன், அது ஓகே. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன காந்தத்த எடுத்து உங்க வண்டி பின்பக்கத்துல ஒட்டிப் பாருங்க, ஒட்டலன்னா காசு மிச்சம். வெயில்ல வண்டிக்குள்ளயே விட்டா பேட்டரி உப்பிடும்னு டப்பாலயே எழுதியிருக்கு, நம்ம வண்டி உள்ள மத்தியானம் எப்படி இருக்கும்னு அந்த டப்பா எழுதினவங்களுக்குத் தெரியாது போல. கலர் ஆம்பர் மட்டும் வாங்குங்க, சிவப்பு நீலம் சேந்து அடிக்கறது போலீசு, ஆம்புலன்சு, தீயணைப்பு வண்டிக்கு உள்ளது, சில கடைல அத தான் முதல்ல காட்றாங்க.

திறந்த பாடி குட்டி யானை வச்சிருக்கறவங்களுக்கு இந்த லைட்டு இன்னும் முக்கியம். பின்பலகைய கீழ எறக்கித் தொங்கவிட்டா டெயில் லைட்டையும் இண்டிகேட்டரையும் அது மறைக்குதான்னு ஒரு வாட்டி பின்னாடி போய்ப் பாருங்க. மறைச்சா நீங்க டபுள் இண்டிகேட்டர் போட்டிருக்கீங்கன்றது உங்களுக்கும் டேஷ்போர்டுக்கும் மட்டும் தான் தெரியும். அந்தப் பலகையோட உள்பக்கம், அதாவது தொங்கும்போது பின்னாடி பாக்கற பக்கம், சிவப்பு மின்னற டேப் ஒட்டிடுங்க. எஃப்சிக்கு, அதாவது ஆர்டிஓல ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டுக்குப் போறப்ப பின்னாடி சிவப்பு, பக்கத்துல மஞ்சள், முன்னாடி வெள்ளைன்னு ஒட்டச் சொல்றாங்கல்ல, அது கதவு மூடியிருக்கறப்ப தெரியற எடத்துல மட்டும் தான் ஒட்டிட்டு வர்றோம், நம்ம கதவு பாதி நேரம் தொறந்து தான கெடக்கு.

ரப்பர் கட்டை, ஜோடி அறநூறு. செங்கல்லு வைக்கறத விட நல்லது, பிடி கயிறு இருக்கறதால மறக்காம எடுக்கலாம். மர ஆப்பு மழைல ஊறி வழுக்குது. வேற சொல்ல ஒண்ணும் இல்ல. கைல போடற கிளவுஸ், தலைல மாட்டற டார்ச்சு ரெண்டும் வாங்கினேன், டார்ச்சு பார்சல் நம்பர் படிக்க உதவுது, ஆனா அத மாட்டிக்கிட்டு ரோட்டப் பாத்தா எதிர்ல வர்றவன் கண்ணு கூசும், வண்டிக்குள்ள மட்டும் போடுங்க.

பைக் பசங்களுக்காக ஹெல்மெட் ஒரு பாரா. தம்பிக்கு வேலைல சேந்தப்ப குடுத்த ஹெல்மெட்டு தட்டினா டப்பா சத்தம் கேட்டுச்சு, ஸ்டிக்கர் மட்டும் இருந்துச்சு. 2021 ஜூன்ல இருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டூ வீலர் ஹெல்மெட் செய்யறதும் விக்கறதும் தப்பு. முத்திரை மேல ஐஎஸ் 4151ன்னும் கீழ சிஎம்/எல்னு ஆரம்பிக்கற லைசென்ஸ் நம்பரும் இருக்கும், அந்த நம்பர, முத்திரை குடுக்கற பிஐஎஸ்ஸோட பிஐஎஸ் கேர்ன்ற செல்போன் ஆப்புல போட்டா எந்தக் கம்பெனிக்குக் குடுத்ததுன்னு வரும். போட்டுப் பாத்தோம், வரல. புதுசா வாங்கிட்டோம். 1000 ரூபா ஃபைனுக்குப் பயந்து தலைல வைக்கற மூடியும் ஹெல்மெட்டும் ஒண்ணு இல்லடான்னு அவனுக்கு சொல்லியிருக்கேன், பட்டைய மாட்டாம ஓட்டறது இன்னும் நிக்கல.

கடை எப்படின்னு கேப்பீங்க. பாரிஸ் கடைல லேபிள பிரிச்சுக் காட்டினாங்க, டார்ச் அடிச்சுப் பாக்க விட்டாங்க, ஜிஎஸ்டி பில்லு குடுத்தாங்க, பத்து ஜாக்கெட்டுக்கு மேல எடுத்தா விலை கொறைக்கறோம்னு சொன்னாங்க, பார்க்கிங் மட்டும் கேக்காதீங்க, மின்சார ரயில்ல பீச் ஸ்டேஷன்ல எறங்கி நடந்து போறது தான் உசிதம். ஆன்லைன்ல வாங்கினதுல ஃபோட்டோவுல இருந்த பட்டை அகலமும் வந்த பட்டை அகலமும் வேற வேற, திருப்பி அனுப்பிட்டேன், அந்த ரிட்டர்ன் பார்சல எடுக்க வந்தவன் எங்க குடோன் பையன் தான், ஜாக்கெட்டு இல்லாம.

காசு குடுக்காம கெடைக்கற சாமான் ரெண்டு இருக்கு, அதுக்கும் மார்க் போடறதுன்னா போடலாம். ஒண்ணு கதவு. நம்மூர்ல எடது ஓரம் நிறுத்தறோம், டிரைவர் சீட்டு வலது பக்கம், அப்ப எறங்கறதே டிராஃபிக்குக்குள்ள தான். வலது கதவ எடது கையால தொறந்து பழகுங்க. எடது கை அவ்ளோ தூரம் போகணும்னா உடம்பு தானா திரும்பும், கண்ணாடியும் பின்னாடி ரோடும் கண்ணுல பட்டுடும், கதவும் ஒரேயடியா படார்னு தொறக்காது. ரெண்டு, எறங்கினதும் வண்டி பக்கமா பின்னாடி நடக்காம முன்னாடி சுத்தி எடது பக்கம் போய் அங்க இருந்து பின்கதவுக்குப் போறது. குட்டி யானை மூஞ்சி என்ன பெருசா, நாலு எட்டு தான் கூட ஆகும். டெலிவரி ஆப்புல ஓடற டைமரு அந்த நாலு எட்டுக்கு சம்மதிக்காதுன்னு சில பேரு சொல்வாங்க, எனக்கும் தெரியும், ஆனா டைமரு தான் முக்கியம்னா மேல சொன்ன எந்த சாமானும் வாங்க வேணாம்.

வெயிட்டிங்ல நிக்கறதும் ரோட்டோரம் தான். பைக் பசங்க அடுத்த ஆர்டர் வர்ற வரைக்கும் மரத்தடில, மேம்பாலத்துக்கு அடில, பாதி ரோட்டுலயே ஹேண்டில் மேல தலைய வச்சு தூங்கறாங்க. சென்னை மாநகராட்சி 2025ல அண்ணா நகர்லயும் தி.நகர்லயும் இவங்களுக்காகவே ஏசி போட்ட ஓய்வறை கட்டினாங்க, டாய்லெட்டு, சார்ஜ் போட பிளக்கு எல்லாம் இருக்கு. நல்ல விஷயம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒண்ணு வந்தா எங்களுக்கும் உதவும், வண்டி நிறுத்த எடத்தோட.

அடிபட்டா 108க்கு அடிங்க, அதோட இன்னொண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க. 2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டத்துல, ரோடு விபத்துன்னா முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம், திட்டத்துல சேந்த தனியார் ஆஸ்பத்திரிலயும் தான். காப்பீட்டு அட்டை வேணும்னு இல்ல, வெளி மாநிலத்து ஆளா இருந்தாலும் உண்டு. குடோன்ல லோடு ஏத்தற வடக்குப் பசங்க யாருக்கும் இது தெரியல, நான் ஹிந்தி தெரிஞ்ச சூப்பர்வைசர வச்சு சொல்ல வச்சேன்.

கடைசியா, மார்க் போடாத ஒரு சாமான். கன்டெய்னர் பாடிக்கு எடது பக்கம், அதாவது பிளாட்ஃபாரம் பக்கம், ஒரு கதவு. பின்னாடி நிக்கவே வேணாம், ஓரத்துல நின்னுக்கிட்டே பார்சல் எடுக்கலாம், வண்டியே நமக்கு சுவரு. இது இருந்தா மேல இருக்கற சாமான்ல பாதிக்கு வேலையே இல்ல. செங்குன்றம் பக்கம் பாடி கட்டற பட்டறைல கேட்டேன், ஷீட்ட வெட்டி ஃபிரேம் வச்சு சறுக்குக் கதவு போட பதினெட்டாயிரம் சொன்னாரு, மடக்குக் கதவுன்னா கம்மி, ஆனா மடக்குக் கதவு தெருவுல போறவங்க மூஞ்சில அடிக்கும், சறுக்குக் கதவு தான் சரி. ஆர்டிஓல கேக்காம வெட்டாதீங்க, எஃப்சில மாட்டிக்கும். நான் எழுதிக் குடுத்திருக்கேன், வண்டி ஓனரு பாதி காசு தர்றேன்னு சொல்லியிருக்காரு, தீபாவளி சீசன் லோடு முடிஞ்சதும் வண்டிய பட்டறைல விடறோம், போட்டு ஓட்டிப் பாத்துட்டு அதுக்கும் மார்க் போடறேன்.